இரக்கத்திற்கு விலை கொடுப்பவர் யார்?

உயிரியல் பூங்காவிற்குச் சென்று வந்ததைக் கட்டுரையாக வரைவது பள்ளிச் சிறார்க்கு ஆசிரியர் கொடுக்கும் வீட்டுப் பாடமன்றோ, அதற்கு இந்தப் பக்கம் எதற்கு என்று வாசகர் சிலர் நகைக்கக்கூடும். நாமும் அவ்வண்ணமே எண்ணியிருந்தோம். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஒரு கிளிக்கூண்டின் முன் நின்றபோது நம்மிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, வீடு திரும்பிய பின்னரும் நம்மை உறங்கவிடவில்லை. அக்கேள்வியையும், அது நம்மை எங்கே கொண்டு சேர்த்தது என்பதையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை என்று தோன்றியது.

சிவகாசிச் சீமையின் மே மாதத்தைப் பற்றி இங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கரிசல் மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். வேப்பமர நிழலிலும் அனல் அடிக்கும். மழை குறைந்த இந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் உகந்ததாயிற்று. 1920களில் தீப்பெட்டியும் பின்னர் பட்டாசுமாக இம்மண்ணில் தொழில் வேரூன்றியது. நமக்குச் சோறிடுவதும் அந்த வெயிலே, நம்மை வாட்டுவதும் அந்த வெயிலே. அதற்கு இரண்டு நாள் விடை கொடுக்க எண்ணி, நம் அன்பியக் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு பேருந்தை அமர்த்திக்கொண்டு ஏற்காட்டிற்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 300 கிலோமீட்டர்ப் பயணம். புளியோதரைப் பொட்டலங்களும், குழந்தைகளின் கூச்சலும், இடையிடையே செபமாலையுமாகப் பொழுது போயிற்று. மலையில் ஒரு நாள் தங்கிக் குளிர்காற்றை அனுபவித்தோம். மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்கியபோது, "மிருகக்காட்சிச் சாலை" என்று சிறுவர் குரல் எழுப்பவே, சேர்வராயன் மலையடிவாரத்தில் சேலத்திற்கு அருகேயுள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் பேருந்து நின்றது.

1981ஆம் ஆண்டில் சிறியதொரு பூங்காவாகத் தொடங்கப்பட்டது இது. சென்னைக்கு அருகே வண்டலூரில் 1985 முதல் விரிந்து பரந்து இயங்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவோடு இதனை ஒப்பிடலாகாது. இங்கு நாம் கண்டவை பெரும்பாலும் நம் நாட்டு உயிர்களே. புள்ளிமான்கள் மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடமான் ஒன்று கழுத்தை நீட்டி நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்கத் தகுந்தது ஒன்றுமில்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதலை கல்லாய்க் கிடந்தது. மயில்களைக் கண்ட நம் சிறுவர், "இதுதான் நம்ம ஊர்த் தோட்டத்திலேயே நடக்குதே" என்று ஏமாற்றம் காட்டினர். உண்மைதான். நம் மாவட்டத்திலே மயிலுக்குப் பஞ்சமில்லை. பயிரைக் கொத்திவிடுகிறதே என்று உழவர் நொந்துகொள்வதற்கும் பஞ்சமில்லை.

கம்பிக்கூண்டுக்குள் விலங்கை அடைத்து, காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டும் இடம் என்றே உயிரியல் பூங்காவைப் பற்றி நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். முன்னொரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சென்னையில் 1855ஆம் ஆண்டில் அரசு அருங்காட்சியகத்தோடு ஒட்டித் தொடங்கிய விலங்குக் காட்சி, நாட்டிலேயே பழைமையானவற்றுள் ஒன்று. அக்காலத்தில் விலங்கின் வசதியை எண்ணிப் பார்த்தவர் சிலரே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையமும் வந்த பின்னர் நிலைமை மாறியது. எந்த விலங்குக்கு எவ்வளவு இடம், என்ன உணவு, எத்தகைய மருத்துவம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டாயின. விதிக்கு ஏற்ற இடமில்லாத பூங்காக்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. கோவை வ.உ.சி. பூங்காவே 2022ஆம் ஆண்டில் அவ்வாறு உரிமம் இழந்தது.

அதனினும் முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. கண்ணியில் சிக்கியவை, கடத்தல்காரரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்டவை, தாயை இழந்து வயல்வெளியில் தவித்தவை, கோடையில் நீர் தேடி வந்து கிணற்றில் விழுந்தவை ஆகியவற்றுள் உடனே காட்டிற்குத் திரும்ப இயலாதவற்றுக்கு, இத்தகைய பூங்காக்கள் புகலிடமாயின. நம் புன்செய்க் காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையை எடுத்துக்கொள்வோம். ஓட்டின் மேல் விண்மீன் வரைந்ததுபோன்ற அந்த அழகே அதற்குக் கேடாயிற்று. பெட்டிகளில் நூற்றுக்கணக்கில் அடுக்கி வெளிநாட்டிற்குக் கடத்துவோர் விமான நிலையங்களில் பலமுறை பிடிபட்டுள்ளனர். அதன் பன்னாட்டு வணிகத்தை அறவே தடுக்கும் பட்டியலில் அது 2019ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. பிடிபட்டவனைச் சிறைக்கு அனுப்பிவிடலாம். பிடிபட்ட ஆமையை எங்கே அனுப்புவது? எவரேனும் ஒருவர் அதற்கு இடம் கொடுத்து, தீனி கொடுத்து, நோய் பார்த்து, காலம் வரும்வரை காத்திருக்க வேண்டுமன்றோ?

நிற்க. கிளிக்கூண்டிற்கு வருவோம்.

பெரிய கூண்டு அது. உள்ளே பச்சைக்கிளிகள் கூட்டமாய்க் கத்திக்கொண்டிருந்தன. ஆனால் ஒரு மூலையில் சில கிளிகள் மட்டும் பறக்காமல், கம்பியை அலகால் பற்றிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாய் இருந்தன. அருகே பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த பணியாளர் ஒருவரிடம் காரணம் கேட்டோம். வயதில் மூத்தவர், பேச்சில் நிதானம். வீடுகளில் வளர்க்கப்பட்ட கிளிகளும், சோதிடம் பார்ப்போரிடம் இருந்த கிளிகளும் இவ்வாறு சிறகு வெட்டப்பட்டே வருவதுண்டு என்றார். "பிறகு பறக்கவே முடியாதா?" என்று நம் பெயர்த்தி கேட்டாள். அவர் சொன்ன மறுமொழி இது: "வெட்டின இறகு உதிர்ந்து புது இறகு முளைச்சிடும் பாப்பா. பயம்தான் முளைக்காது. மனுஷனைக் கண்டு பயப்படாத கிளி வெளியே போனா ஒரு நாள்கூடப் பிழைக்காது."

இறகு முளைக்கும், அச்சம் முளைக்காது! கல்லூரிப் பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் நம் உள்ளத்தில் இவ்வளவு ஆழமாய்ப் பதிந்திராது. குஞ்சாய் இருக்கும்போதே பொந்திலிருந்து எடுத்து, பாலும் சோறும் ஊட்டி வளர்த்த கிளிக்குப் பருந்து எது, பூனை எது என்று சொல்லிக்கொடுக்கத் தாய்க்கிளி இல்லை. கூண்டைத் திறந்துவிட்டால் நாம் புண்ணியம் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். கிளியோ மாலைக்குள் காக்கைக் கூட்டத்திடம் மாட்டிக்கொள்ளும். ஆகவே அத்தகைய கிளியை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை என்றும், தேறக்கூடியது தேறும், தேறாதது இருக்கும் நாள்வரை தன் இனத்தோடு இருக்கும் என்றும் அவர் கூறினார்.

பெயர்த்தி நம் கையைப் பற்றி இழுத்தாள். ஏன் இழுத்தாள் என்பது நமக்குத் தெரியும். நம் வீட்டுத் தாழ்வாரத்திலும் ஒரு கூண்டு தொங்குகிறது. நான்கு ஆண்டுகளாக அதில் ஒரு பச்சைக்கிளி. தெருவில் விற்றவனிடம் இரக்கப்பட்டு வாங்கினோம் என்று சொல்லிக்கொள்வது நம் வழக்கம். காலையில் அதற்குக் கொய்யாத் துண்டு, நண்பகலில் ஊறவைத்த கடலை, மாலையில் ஒரு பச்சை மிளகாய். ஒரு நாள் அது உண்ணாமலிருந்தால் வீடே கலங்கும். நம் நாட்டுக் கிளியை வீட்டில் அடைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதைச் செய்தித்தாளில் படித்திருந்தும், அது வேறு யாருக்கோ சொல்லப்பட்டதுபோல் இருந்துவிட்டோம். நாம் காட்டிய அன்பு உண்மையே. ஆனால் அந்த அன்பின் விலையைக் கொடுத்தது நாமா, கிளியா?

இவ்வெண்ணத்தில் நாம் தலைகுனிந்து நின்ற வேளையில்தான், பின்னால் நின்றிருந்த ஒரு சகோதரி அந்தக் கேள்வியைக் கேட்டார். நம் அன்பியத்தைச் சேர்ந்தவர். பட்டாசு ஆலையில் பல ஆண்டுகள் சரவெடி பின்னியவர். வாய் திறந்து அதிகம் பேசுபவர் அல்லர். கிளிகளைப் பார்த்தபடியே சொன்னார்: "அண்ணாச்சி, கிளிக்கு றெக்கை முளைக்கிற வரைக்கும் வச்சுச் சோறு போடுறாக. எங்க நாத்தனாருக்குக் கை ஆறுற வரைக்கும் யாரு போட்டா?"

அவர் குரலில் சினம் இல்லை. அதுவே நம்மை மேலும் வருத்தியது.

அவருடைய நாத்தனாரை நாம் அறிவோம். நம் தெருவிற்கு அடுத்த தெருவில் இருப்பவர், கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். ஆலையில் மருந்து செலுத்தும் வேலையில் இருந்தபோது தீப்பற்றி இரு கைகளும் வெந்தன. உயிர் பிழைத்தது இறைவன் அருள். மருத்துவமனைச் செலவை முதலில் ஏற்றவர்கள் பின்னர் கை விரித்தனர். கை ஆற ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதமும் அடுப்பு எரிந்தது வட்டிக் கடனில். முதல் வாரம் நாமும் ரொட்டியும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். திருப்பலியில் அவருக்காக வேண்டிக்கொண்டோம். பிறகு? பிறகு நம் வேலைகளைப் பார்த்தோம். அதே ஐந்து மாதத்தில் நம் வீட்டுக் கிளிக்கு ஒரு நாளும் கொய்யா தவறியதில்லை.

திரும்பும் வழியெல்லாம் இக்கேள்வியைச் சுற்றியே பேச்சு நடந்தது. இளைஞர் ஒருவர் சற்றுச் சூடாகவே பேசினார். விலங்குக்கும் பறவைக்கும் இரங்குவோர் நகரங்களில் பலர். தீபாவளி வந்தால் நாய் நடுங்குகிறது, பறவை பதறுகிறது என்று எழுதுகிறார்கள். அந்தப் பட்டாசைச் செய்த கை எப்படி இருக்கிறது என்று எவர் எழுதுகிறார் என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று, அன்னை தெரேசாவின் நினைவு நாளிலே, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் உதவ ஓடிவந்த அண்டை ஊராரும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. இரக்கத்தின் விலையை உயிராலேயே கொடுத்தவர்கள் அவர்கள்.

மற்றொரு பக்கமும் உண்டு. 2015இல் தில்லிக் கைக்குழந்தைகள் மூவரின் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கிலே, உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. காற்றும் ஓசையும் கழிவும் கருதிச் சரவெடி விலக்கப்பட்டது. தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரமே குறிக்கப்பட்டது. குழந்தைகளின் நுரையீரலைக் காக்கும் நோக்கத்தை யார் பழிக்க முடியும்? ஆனால் சரம் பின்னிய பெண்களின் கைகள் அன்றோடு வேலையற்றுப் போயின. நம் சகோதரியும் அவர்களுள் ஒருவர். நல்ல நோக்கத்திற்கான விலைச்சீட்டு, அதைக் கொடுக்க வல்லவரிடம் போகாமல், கொடுக்க இயலாதவர் வீட்டு வாசலில் வந்து விழுந்தது.

அப்படியானால் கிளிக்குச் சோறிடுவது தவறா? இவ்விடத்தில் திருச்சபையின் போதனையை நாடினோம். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றிடம் கனிவு காட்டுவது நம் கடமை என்கிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகள் மேல் செலவிடுவதும் தகாது என்று எச்சரிக்கிறது. 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலும் இதே நூலிழையைப் பற்றிச் செல்கிறது. அழியும் உயிரினங்களின் கடத்தலை எதிர்த்துக்கொண்டே ஏழையரைக் குறித்துக் கவலையற்றிருப்பது முரண் என்கிறார் அவர். மற்றோரிடத்தில், எந்த உயிரிடம் காட்டும் கொடுமையும் இறுதியில் மனிதரை நடத்தும் முறையிலும் வந்து சேரும் என்கிறார். ஆக, இரக்கம் இரண்டு அன்று; ஒன்றே. ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியை எறிந்தால், வைத்துக்கொண்டதும் கெட்டுப்போகும்.

ஆண்டவர் சொன்ன சிட்டுக்குருவிக் கணக்கை நினைவுகூர்வோம். மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை, அது கொசுறு! கடைக்காரன் சும்மா கொடுத்த அந்தக் கொசுறுக் குருவியைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்றார் இயேசு. சொன்னது குருவிகளுக்கு ஆறுதலாக அன்று; தங்களையும் உலகம் கொசுறாக எண்ணுகிறதே என்று அஞ்சிய எளிய மனிதருக்கு ஆறுதலாக. குருவியை மதிக்கத் தெரியாதவனுக்கு இவ்வாறுதல் விளங்காது. மனிதனை மதிக்கத் தெரியாதவனுக்கும் விளங்காது.

இவ்விரண்டையும் ஒருசேரச் செய்து காட்டியோர் நம் நாட்டிலேயே உண்டு. கரடி வித்தைக்காரரை வாசகரில் மூத்தோர் கண்டிருப்பர். மூக்கைக் காய்ச்சிய ஊசியால் துளைத்து, அதில் கயிறு கோத்து, பல்லைத் தட்டி எடுத்துக் கரடியை ஆடவைப்பார்கள். வடக்கே கலந்தர் என்னும் சமூகத்தினருக்குத் தலைமுறை தலைமுறையாய் இதுவே பிழைப்பு. 1972ஆம் ஆண்டின் சட்டம் வந்தும் பல்லாண்டுகள் வித்தை நிற்கவில்லை. கரடியைப் பறித்தால் குடும்பம் பட்டினி. ஆகவே மீண்டும் ஒரு குட்டியைப் பிடித்து வருவார்கள். 1995இல் தொடங்கிய 'வைல்டுலைஃப் எஸ்ஓஎஸ்' என்னும் அமைப்பினர் இதை நன்கு உணர்ந்தனர். கரடிகளுக்கு ஆக்ராவிலும், பின்னர் பெங்களூருக்கு அருகே பன்னர்கட்டாவிலும் புகலிடம் அமைத்தனர். கரடியை ஒப்படைத்த குடும்பத்திற்கு மாற்றுத் தொழிலுக்கு முதற்பணமும், பெண்களுக்குக் கைத்தொழிலும், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வியும் கொடுத்தனர். 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீண்டன. 2009ஆம் ஆண்டோடு தெருவில் ஆடும் கரடி என்ற காட்சி முடிவிற்கு வந்தது. சட்டம் மட்டும் செய்ய முடியாததை, கரடிக்காரனின் பசியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இரக்கம் செய்து முடித்தது.

இன்னும் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகே, 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் உள்ளது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும் கண்மாய் அது. அதன் கரையிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், குஞ்சுகள் மிரளக்கூடாதென்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு ஆசை இல்லாமலா இருக்கும்? தங்கள் மகிழ்ச்சியிலிருந்து எடுத்துப் பறவைக்குக் கொடுக்கிறார்கள். அடுத்தவன் சோற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. பட்டாசு செய்து பிழைக்கும் நமக்கு இச்செய்தி கசக்க வேண்டுமே, கசக்கவில்லை. பேருந்தில் இதைச் சொன்னபோது, நம் சரவெடிச் சகோதரியே, "அது நல்லாயிருக்கே அண்ணாச்சி" என்றார். தன் கையிலிருந்து கொடுக்கப்படும் இரக்கம் எவரையும் புண்படுத்துவதில்லை.

நல்ல சமாரியர் உவமையில் நாம் பெரும்பாலும் கவனியாது விடும் ஒரு வரி இதைத்தான் சொல்கிறது. குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு அவர் கண்ணீர் விட்டதோடு போய்விடவில்லை. தம் எண்ணெயை வார்த்தார். தம் விலங்கின்மேல் ஏற்றினார். அந்த வாயில்லா உயிரும் இரக்கத்தின் சுமையில் பங்கேற்றது என்பதைக் கருதுக. சாவடிக்குக் கொண்டுபோய், மறுநாள் தம் பையிலிருந்து இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்றார். புண் ஒரு நாளில் ஆறாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் வாரம் ரொட்டியும் ஹார்லிக்சும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராத நமக்கு, அந்த இரண்டாவது வாக்குறுதி ஒரு சாட்டையடி.

குரும்பப்பட்டியில் நாம் கண்டதும் ஒரு சாவடியே. புதிய இறகு முளைக்கும்வரை, காயம் ஆறும்வரை, காலம் வரும்வரை வைத்துக் காக்கும் சாவடி. அதைக் கண்டு நம் சகோதரி பொறாமைப்பட்டார் என்று சொல்வது பாவம். மனிதருக்கும் அப்படி ஒரு சாவடி வேண்டும் என்றே அவர் கேட்டார். கிளியின் தட்டிலிருந்த பழத்துண்டு அவர் நாத்தனாரின் இலையிலிருந்து எடுக்கப்பட்டதன்று. அந்த இலையை நிரப்ப வேண்டிய கைகளுள் நம் கையும் ஒன்று. அது சும்மா இருந்தது. குறை அங்கே.

மதுரையைத் தாண்டும்போது பேருந்திலேயே ஒரு முடிவு செய்தோம். முன்னாளில் நம் தாய்மார் சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் இட்டுக் கோயிலுக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தை வாசகர் அறிவர். அதையே மீண்டும் தொடங்குவது; விபத்தில் காயமுற்றவர் எந்தச் சமயத்தினராயினும், அவர் மீண்டும் வேலைக்குப் போகும் நாள்வரை அவ்வீட்டு அடுப்பிற்கு அரிசியும் கறிகாயும் கொடுப்பது; உரிய இழப்பீட்டைப் பெற்றுத்தர, எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் உடன் நடப்பது. பெரிய திட்டமன்று. ஆனால் "கை ஆறும் வரைக்கும்" என்ற சொல் அதில் இருக்க வேண்டும் என்று எல்லாரும் வற்புறுத்தினர். முதல் அரிசி எங்கே போயிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. காலம் கடந்து போன அரிசி அது. அந்த நாத்தனார் அதைக் குறை சொல்லாமல், தழும்பேறிய கைகளால் வாங்கிக்கொண்டார்.

கிளியின் கதையும் மிச்சம் இருக்கிறது. அடுத்த வாரம் பெயர்த்தியை அழைத்துக்கொண்டு திருவில்லிபுத்தூருக்குச் சென்றோம். 1988 முதல் சாம்பல்நிற மலையணிலுக்குச் சரணாலயமாயிருந்து, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான அந்த மலையின் நிழலிலே, வனத்துறை அலுவலகத்தில் கிளியை ஒப்படைத்தோம். நாம் செய்த தவறையும் ஒப்புக்கொண்டோம். பெயர்த்தி அழுதாள், தடுக்கவில்லை. இரக்கத்திற்கு அவள் கொடுத்த விலை அது. அக்கிளி பறக்குமோ, இனத்தோடு கூண்டிலேயே காலம் கழிக்குமோ, நமக்குத் தெரியாது.

தாழ்வாரத்தில் கூண்டு தொங்கிய கொக்கி மட்டும் சில நாள் வெறுமையாய் இருந்தது. காலையில் கொய்யாவை நறுக்கப் போய்க் கை நின்றுவிடும். இப்போது அக்கொக்கியில் பிடியரிசிப் பை தொங்குகிறது. சோறு வடிக்கும்முன் அதில் ஒரு பிடி போடுவது பெயர்த்தியின் பொறுப்பு. மறந்துபோன நாளில் அவளே நமக்கு நினைவூட்டுகிறாள்: "தாத்தா, சாவடிக்கு அரிசி போட்டாச்சா?"